குமமோட்டோவிலிருந்து அம்மாவுக்கு

குமமோட்டோ, ஜப்பான்
ஏப்ரல் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தம்பி, இதை அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு.

குளிர் விட்டுவிட்டது. சோறு கிடைக்கிறது, கையில் ஒட்டுகிற சோறு. ரசப்பொடி மட்டும் தீர்ந்துபோச்சு. அந்தச் சோற்றை உருண்டை பிடித்து, கறுப்புக் காகிதம் மாதிரி ஒன்றில் சுற்றித் தருவார்கள். அதற்குப் பெயர் நோரி. அதுவும் கடல்பாசிதான் அம்மா. முதல் நாள் மோந்து பார்த்தபோது நம் வாசலில் காயும் பாசியின் வாசம் வந்தது. அன்று அழுதுவிட்டேன்.

முந்தாநாள் எங்கள் பேராசிரியர் பக்கத்து ஊரான உட்டோவுக்குக் கூட்டிப்போனார். அரியாக்கே கடல் அங்கேதான். நம் பாம்பனில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது, இங்கே நாலைந்து மீட்டர் ஏறி இறங்குகிறது. வத்தம் வந்தால் கடல் எங்கேயோ போய்விடும், படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். கரைமேல் ஒரு கோயில், பக்கத்தில் ஒரு நினைவுக்கல். நோரி வளர்க்கிறவர்கள் காசு போட்டு 1963-இல் வைத்தது. வருஷா வருஷம் ஏப்ரல் 14 அன்று பூசாரி வந்து பூசை செய்கிறார். யாருக்கு என்று நினைக்கிறாய்? கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற வெள்ளைக்கார அம்மாவுக்கு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சி செய்தவர். ஜப்பானுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இங்கே அவருக்குப் பெயர் 'கடலின் தாய்'.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் மூங்கிலைக் கடலில் நட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பாசி ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் இதைச் 'சூதாடிப் புல்' என்றே சொன்னார்களாம். குளிர்காலத்தில் வளரும், கோடையில் காணாமல் போகும். எங்கே போகிறது, விதை எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 1948-இல் விளைச்சல் அடியோடு விழுந்துவிட்டது.

ட்ரூ அம்மா தன் ஊர்க் கடலில் இதே இனத்துப் பாசியை எடுத்து ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார். அதன் வித்து சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே போய், இளஞ்சிவப்பு நூலாகப் படர்ந்தது. ஓட்டின் மேல் அந்தச் சிவப்பை முன்பே பார்த்திருக்கிறார்கள். ஆனால் வேறு பாசி என்று நினைத்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 1949-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார். செகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அதைப் பார்த்து இங்கத்திப் பாசியில் சோதித்தார், அப்படியே இருந்தது. அப்புறம் ஓட்டா என்பவர் ஓட்டில் வித்தை வளர்த்து வலையில் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது கோடை முழுக்கச் சிப்பி ஓட்டைத் தொட்டியில் வைத்துப் பாதுகாத்து, தண்ணீர் குளிர்ந்ததும் வித்தை வலையில் ஒட்டவிட்டுக் கடலில் கட்டுகிறார்கள். நான் அந்தத் தொட்டிக்குள் கை விட்டு ஓட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1928-இல் கல்யாணம் ஆனதும் ட்ரூ அம்மாவுடைய வேலை போய்விட்டது. மணமான பெண்ணை அந்தக் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் வேலையில் வைக்காது. அதன் பிறகும் சம்பளமில்லாமல் அங்கேயே ஆராய்ச்சி செய்தார், இந்தக் கண்டுபிடிப்பு அப்படி வந்ததுதான். 1952-இல் பிரிட்டனின் பாசியியல் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். 1957-இல் இறந்துவிட்டார், 55 வயது. இங்கே நடந்ததில் எவ்வளவு அவர் காதுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

கல்லுக்கு முன்னால் நின்றபோது நீயும் சின்னப்பாலத்து அக்காமாரும் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்குவதுதான் கண்ணில் வந்தது. திரும்பி வரும்போது பேராசிரியரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். மரிக்கொழுந்துப் பாசியை அடியோடு பிடுங்காமல் கிள்ளி எடுப்பீர்கள் என்றதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கிள்ளிய இடத்தில் எத்தனை நாளில் திரும்பத் துளிர்க்கும், எந்த மாதம் வேகமாக வரும், கடலடிப் பாறையான பாரில் ஒரு மாதிரியும் சுக்கான் கல்லில் ஒரு மாதிரியும் வருமா என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ சொல்லச் சொல்லத் தம்பியை எழுதச் சொல். நீ சொல்கிறபடியே எழுதட்டும், திருத்த வேண்டாம்.

உன் மகள்