ஒரே வீடு உள்ளவரிடம் வரி எங்கே கை வைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்ஜெட் போட்ட மறுநாள் எது விலை ஏறும், எது இறங்கும் என்று ஒரு பட்டியல் வருகிறது. 2025ல் ‘ரூ.12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற கொட்டை எழுத்துத் தலைப்பும் வந்தது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் ஒரே ஒரு வீட்டை வைத்திருக்கும் ஓய்வூதியர்களுக்கும் சிறு தேயிலை விவசாயிகளுக்கும் இதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. சொந்த வீட்டில் குடியிருக்கும்வரை அந்த வீட்டுக்கு வருமான வரிக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். விற்கிற அன்றுதான் மொத்தக் கணக்கும் வாசலில் வந்து நிற்கும். அதை விளக்கவே இந்தக் கடிதம்.

2024 ஜூலை பட்ஜெட்டில், வீடு, நிலம் விற்ற லாபத்துக்கான பழைய 20 சதவீத வரியை 12.5 ஆகக் குறைத்தார்கள். கூடவே, வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் பெருக்கிக் காட்டும் சலுகையை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். ‘12.5தானே குறைவு’ என்று பலர் யோசிக்காமல் அதிலேயே கட்டிவிடுகிறார்கள். மலையில் அது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

2012-13ல் பத்திரச் செலவோடு ரூ.30 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26ல் ரூ.60 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நேரடிக் கணக்கில் லாபம் 30 லட்சம், வரி ரூ.3.75 லட்சம். குறியீட்டுக் கணக்கு வேறு. 2012-13க்கு 200, 2025-26க்கு 376. வாங்கிய விலையை 376ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் அது ரூ.56.40 லட்சம் ஆகிறது, லாபம் 3.60 லட்சம்தான். 20 சதவீதம் போட்டாலும் வரி ரூ.72 ஆயிரம். வித்தியாசம் மூன்று லட்சத்துக்கு மேல். (இரண்டிலும் 4 சதவீத செஸ் தனி.)

அப்பா காலத்து வீடு என்றால் விடை புரளலாம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீட்டுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1 மதிப்பையே வாங்கிய விலையாக வைக்கலாம். 2001 ஏப்ரல் 1 அன்று ரூ.6 லட்சம் மதிப்பிருந்த வீடு அதே 60 லட்சத்துக்குப் போனால், குறியீட்டு வழியில் வரி ரூ.7.49 லட்சம், 12.5 சதவீத வழியில் ரூ.6.75 லட்சம். 2025-26ல் விற்பவர்களுக்கு ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன். 2001 மதிப்பை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு விற்பனை விலை அதைப்போல 8.36 மடங்குக்கு மேல் போனால்தான் 12.5 சதவீத வழியில் வரி குறையும். 2012-13ல் வாங்கியவர்களுக்கு அந்த எல்லை 3.35 மடங்கு. உயரக் கட்டுப்பாடு, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி என்று ஆயிரம் தடைகள் உள்ள இந்த மாவட்டத்தில் விலை சமவெளியைப் போல எகிறவில்லை. எனவே பழைய வழியே பலருக்குக் கைகொடுக்கும். இரண்டையும் போட்டுப் பார்க்காத ஆடிட்டரிடம் போகாதீர்கள்.

இந்தத் தேர்வு இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். வெளிநாட்டில் வசிக்கும் மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு அவர் கையால் விற்றால் 12.5 மட்டுமே, குறியீடு கிடையாது. வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியும் வழக்கமான 1 சதவீதம் அல்ல, 12.5க்கு மேல் போய்விடும். விற்கப் போகிற வீடு என்றால் பெற்றோர் பெயரிலேயே விற்றுப் பணத்தைக் கொடுப்பது மேல்.

அந்த ரூ.12 லட்சத் தலைப்புக்கும் இங்கே வேலை இல்லை. 2025-26 முதல் அந்தத் தள்ளுபடி, வீடு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது. வேறு வருமானம், புதிய வரி முறையின் அடிப்படை விலக்கான ரூ.4 லட்சத்தை எட்டாவிட்டால், குறைகிற அந்தப் பகுதியை மட்டும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ‘எனக்கு பென்ஷனே கொஞ்சம்தான், வரி வராது’ என்று நம்பி முன்பணம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி பில் விஷயம். வீட்டை மேம்படுத்திய செலவையும் வாங்கிய விலையோடு சேர்த்து லாபத்தைக் குறைக்கலாம், அதற்கு பில் வேண்டும். மலை வீட்டில் பெரிய செலவு மண்ணைப் பிடித்து நிறுத்துவது. 2009 நவம்பர் நிலச்சரிவுக்குப் பிறகு தடுப்புச் சுவர் எழுப்பாத சரிவு வீடு குறைவு. அன்று ரூ.4 லட்சத்தில் கட்டிய சுவர், குறியீட்டில் (2009-10க்கு 148) 2025-26 விற்பனைக்கு ரூ.10.16 லட்சம். பில் இல்லையென்றால் அந்த ஒரு சுவருக்காகவே ரூ.2 லட்சத்துக்கு மேல் வரி கூடும். மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்து துண்டுச் சீட்டில் கணக்கு எழுதியிருந்தால் அதிகாரி ஏற்க மாட்டார். கல், சிமெண்ட், கம்பி பில்கள், வங்கியில் பணம் எடுத்த அல்லது அனுப்பிய பதிவு, முன்னும் பின்னும் எடுத்த படம், பொறியாளரின் அளவீடு, இவை சேர்ந்தால் நிற்கும். கூடுதல் அறை, ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுப் போட்ட கான்கிரீட் தளம் எல்லாம் இதே கணக்கில் வரும். வெள்ளையடிப்பு, கசிவுக்குத் தார் பூசுவது, உடைந்த ஓடு மாற்றுவது எல்லாம் பராமரிப்பு, கழிவு கிடையாது. 2001க்கு முன் செய்த வேலையையும் தனியாகக் காட்ட முடியாது, அது அன்றைய மதிப்புக்குள் அடங்கிவிடும்.

அந்த 2001 மதிப்பையும் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பு கிடைக்குமானால் அதைத் தாண்டக் கூடாது என்று 2020 பட்ஜெட்டில் திருத்தம் வந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண் கொடுத்து 1.4.2001 மதிப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் போவதுதான் ஒழுங்கு. தலைகீழாகச் செய்தால் மதிப்பீட்டாளருக்குக் கொடுத்த பணம் வீண்.

வழிகாட்டி மதிப்பு விற்கும் பக்கத்திலும் இடிக்கும். சாலையோரச் சமதளமும், அறுபது படி இறங்கிப் போகும் சரிவும் ஒரே சர்வே எண்ணில் ஒரே மதிப்பில் கிடக்கின்றன. சரிவு வீட்டுக்கு ஆள் 60 லட்சம்தான் தருவார், மதிப்போ 70 லட்சம் என்றால், 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருப்பதால் 70க்கு விற்றதாகவே வரி. கைக்கு வராத பத்து லட்சத்துக்கு விற்றவர் வரி கட்டுவார், அதே இடைவெளி வாங்கியவர் தலையிலும் வருமானமாக விழும். முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் வழிகாட்டி மதிப்பை எதிர்த்து வழக்குப் போட்டு, மதிப்பு குறைந்தால் அந்தக் குறைந்த தொகையே வருமான வரிக்கும் செல்லும். அதற்கு வாங்குபவர் இசைய வேண்டும். இல்லாவிட்டால், துறை மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி வருமான வரி அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். கேட்காதவருக்கு அவராக அனுப்புவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டோடு அரை ஏக்கர் தேயிலை இருந்தால் ஒரே விலையாகப் பத்திரம் எழுதாதீர்கள். கிராமப்புற விவசாய நிலம் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. ஊட்டி, குன்னூர் இரண்டும் 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் கீழ். எனவே நகர எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டர் தாண்டினால் போதும். ஆனால் பேரூராட்சி என்பதாலேயே கிராமம் ஆகிவிடாது. 10,000 பேர் இருந்தால் அதற்குள் இருக்கும் தோட்டமும் நகர நிலம்தான். தகுதி உள்ளவர்கள் பத்திரத்தில் வீடும் அடிமனையும் ஒரு ஷெட்யூல் (சொத்து விவரம்), தோட்டம் இன்னொரு ஷெட்யூல் என்று பிரித்து, தனித்தனி விலை போட வேண்டும். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் தேயிலை என்று பதிவு இருக்க வேண்டும்.

வரியைத் தவிர்க்க, அந்த லாபத்தைப் போட்டு வேறு வீடு வாங்க விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டு, கட்ட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. மலையில் கட்டுவதை நம்பாதீர்கள். வரைபட அனுமதிக்கே காலம் ஓடிவிடும், மழைக்காலத்தில் மண் வெட்ட முடியாது. மூன்றாம் ஆண்டு முடிந்தால் மீதிப் பணத்துக்கு வரி. இடையில், இன்னும் செலவழியாத தொகையை, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். சாதாரண எஃப்.டி. செல்லாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் கையைச் சுடும். ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ கிரயம் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடிக்க வேண்டும். விற்கும் முதியவரின் பான் எண் ஆதாருடன் இணைக்கப்படாமல் முடங்கியிருந்தால் அது 20 சதவீதம். அறுபது லட்சத்துக்கு ரூ.60 ஆயிரம் போக வேண்டிய இடத்தில் ரூ.12 லட்சம் போய்ச் சிக்கும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மாநிலப் பக்கம் சுருக்கமாக. 2022 ஏப்ரலில் நகராட்சிகளில் சொத்து வரி 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏறியது. விறகுக் கொட்டகையைச் சேர்த்து 1,210 என்று அளந்திருந்தால் ஒரு படி மேலே போயிருக்கும், மறு அளவீடு கேட்கலாம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 கழிவு.

தங்கள் நாளிதழ் வழியாகப் பதிவுத்துறைக்கு ஒரு கோரிக்கை. நீலகிரியின் எல்லா சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் 1.4.2001 அன்றைய வழிகாட்டி மதிப்பை சர்வே எண் வாரியாக ஒரே தொகுப்பாக இணையத்தில் போடட்டும். அடுத்த பட்ஜெட் பக்கத்தில் விலைப் பட்டியலுக்குக் கீழே, அந்த ஆண்டின் பணவீக்கக் குறியீட்டு எண்ணையும் தாங்கள் ஒரு வரியில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்