வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஒரு விளக்கம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிய வாய்ஸ் மெசேஜை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்யலாம் என்று சொல்லி நாங்கள் ஏமாற்றிக் காசு வாங்கிவிட்டோமாம். பேசியவர் யார் என்று சொல்லப்போவதில்லை, பல வருடமாகக் கடைக்கு வருகிறவர்தான். ஆனால் ‘ஏமாற்று’ என்ற சொல்லைக் கேட்ட பிறகு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே அந்த ஆபீசுக்குப் போனேன். மூன்று தடவை ஷட்டவுன் செய்தேன், மூன்று தடவையும் என் போனிலிருந்தே ஆன் ஆனது. சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று சாயங்காலம் ஆறரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்த அம்மா வேலையை முடித்துவிட்டு மேஜைக்கடியில் குனிந்து, சுவர் ஸ்விட்சை டக்கென்று அணைத்தார். சிபியுவின் பின்னால், லேன் ஒயர் மாட்டிய இடத்தில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கும் போய்விட்டது. கரண்ட் பில் ஏறக்கூடாது என்று முதலாளி சொன்னதைத்தான் அவர் செய்தார், பாவம்.

ஷட்டவுன் ஆன பிறகும், லேன் ஒயர் மாட்டியிருக்கும் லேன் கார்டு மட்டும் துளி கரண்டில் விழித்திருக்கும். நாம் அனுப்புவது வெறும் 102 பைட்தான்: முதலில் அடையாளத்துக்கு எஃப்எஃப் என்ற பைட் ஆறு தடவை, பின்னாலேயே அந்தக் கார்டின் மேக் முகவரி, அதாவது அந்தக் கார்டுக்கே உரிய ஆறு பைட் எண், 16 தடவை. அதைக் கண்டதும் கார்டு கம்ப்யூட்டரை எழுப்பிவிடும். கரண்டே இல்லாத கார்டை யாரால் எழுப்ப முடியும்? இதற்குப் பெயர் ஏமாற்றா?

எங்கள் பக்கமும் ஒரு தப்பு உண்டு. வேறு இரண்டு ஆபீசில் ஷட்டவுன் செய்த சில நிமிடத்துக்குள் ஆன் ஆனது, ராத்திரியில் ஆகவில்லை. வெளியிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டரிடம் சேர்ப்பது ரவுட்டர்தான்; ஆனால் அணைந்த கம்ப்யூட்டரின் மேக் முகவரியை அது கொஞ்ச நேரம்தான் நினைவில் வைத்திருக்கும், பிறகு யாரிடம் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாது. நாங்களோ ஷட்டவுன் செய்த கையோடு ஆன் செய்து காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டோம். மன்னிக்கவும். இரண்டு இடத்திலும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, ஆபீசுக்குள்ளிருந்தே அனுப்பும்படி மாற்றிவிட்டோம். காசு வாங்கவில்லை.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செட்டிங் ஆஃபில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுனே இல்லை, அந்த நிலையிலிருந்து லேன் வழியாக எழுப்ப விண்டோஸ் விடாது. புரியாவிட்டால் போன் செய்யுங்கள். நம் கடைப் பையன் வேலையை விட்டுப் பெங்களூரு போய்விட்டதால் நானேதான் எடுக்கிறேன், தாமதமானால் கோபிக்க வேண்டாம். ஒன்றாம் தேதியிலிருந்து நேரில் வந்து பார்க்க 300 ரூபாய்.

அந்த மெசேஜுக்குக் கீழேயே ‘அப்படிப்பட்ட கடை இல்ல’ என்று எழுதியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி அவசரத்தில் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல், ராத்திரி பத்து மணிக்கு ஆபீசுக்கு வண்டி எடுத்துப் போய், மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்ன ஆடிட்டர் சாருக்கும்தான்.

‘இந்த ஸ்விட்சை அணைக்க வேண்டாம்’ என்று ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன். கடைப் பக்கம் வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஸ்டிக்கரை அந்த அம்மாவே வாங்கி, மேஜைக்கடியில் குனிந்து ஒட்டிவிட்டார்.