ஆண்டறிக்கை: போர்க்குதிரைகளோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் திரைப்படக் கழகத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதாந்தரத் திரையிடல்கள் ஒழுங்காக நடந்தன. மழை காரணமாக ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டே இக்கூட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம். எனவே இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்த நிகழ்வுக்கு நேராக வருகிறேன்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2011-ல் வெளிவந்த 'வார் ஹார்ஸ்' படத்தைத் திரையிட்டோம். மைக்கேல் மோர்பர்கோ 1982-ல் எழுதிய சிறுவர் நாவல், 2007-ல் லண்டனில் ஆளுயரக் குதிரைப் பொம்மைகளுடன் நாடகமாகி, அதன் பிறகு படமானது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆல்பர்ட் என்ற பையன் வளர்க்கும் ஜோயி என்ற குதிரை, முதல் உலகப் போருக்கு விற்கப்பட்டுப் பல கை மாறுகிறது. கதைச் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்தது நல்ல பலன் தந்தது. இனி எல்லாப் பிறமொழிப் படங்களுக்கும் அவ்வாறே செய்யலாம்.

படம் முடிந்த பின் நடந்த உரையாடல்தான் இந்த ஆண்டின் சிறப்பு. குதிரைப்படை பாயும் காட்சியை எல்லோரும் குறிப்பிட்டார்கள். வாளை நீட்டியபடி வீரர்கள் ஜெர்மானிய முகாமுக்குள் புகுகிறார்கள். காட்டோரத்தில் இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. வீரர்கள் சாய்வதைக் காமிரா காட்டுவதில்லை. முதுகில் ஆளில்லாத குதிரைகள் துப்பாக்கிகளைத் தாண்டிக் குதிப்பதை மட்டுமே காட்டுகிறது. அப்போது தமிழாசிரியரான நம் உறுப்பினர் எழுந்து, புறநானூற்றின் 273-ஆம் பாட்டைச் சொன்னார். எருமை வெளியனார் பாடியது. எல்லார் குதிரைகளும் வந்துவிட்டன, என் புதல்வனின் தந்தை ஏறிச் சென்ற குதிரை மட்டும் வரவில்லையே என்று ஒருத்தி புலம்புகிறாள். இரண்டு பேராறுகள் கூடுமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல அது சாய்ந்துவிட்டதோ என்கிறாள். கணவன் இருக்கிறானா என்று அவள் வாய்விட்டுக் கேட்பதில்லை. குதிரையைத்தான் கேட்கிறாள். அந்தப் பாட்டில் வராத குதிரை சொல்லும் செய்தியை, இந்தப் படத்தில் ஆளின்றி வரும் குதிரைகள் சொல்கின்றன. பள்ளியில் படித்த பாட்டுதான்; அதன் முழுக் கனத்தை நான் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

தந்தை குதிரை வண்டி ஓட்டிய ஒரு மூத்த உறுப்பினர் பேசியதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏர் உழும் காட்சியில் அவர் பார்த்தது குதிரையின் காதுகளை. "காது பின்னால படிஞ்சா பயமோ கோபமோ இருக்கு. முன்னால திரும்பினா நம்ம பேச்சைக் கேக்குதுன்னு அர்த்தம். அப்பா அதைப் பார்த்துத்தான் கடிவாளத்தைத் தொடுவார்" என்றார். படத்தில் ஜோயியாகப் பல குதிரைகள் நடித்திருக்கின்றன. முள்கம்பியில் சிக்கும் காட்சிக்கு இயந்திரக் குதிரையையும் பயன்படுத்தினார்கள் என்று சொன்னதும் அவர் நிம்மதியடைந்தார். அந்தக் காட்சியில் ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவனும் ஜெர்மானியச் சிப்பாய் ஒருவனும் பதுங்குகுழிகளை விட்டு வந்து, சேர்ந்து கம்பியை அறுக்கிறார்கள். கம்பி வெட்டி இன்னும் வேண்டும் என்று ஜெர்மானியன் குரல் கொடுத்ததும் குழியிலிருந்து ஒன்றல்ல, பல வந்து விழும். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

குறைகளையும் சொன்னோம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலமே பேசுவது கதையின் வலுவைக் குறைக்கிறது. ஆனால் என்னை உறுத்தியது முடிவுதான். அதிகாரிகளின் குதிரைகள் மட்டுமே ஊர் திரும்பலாம், மற்றவை ஏலத்துக்கு என்று படமே சொல்கிறது. இருந்தும் ஜோயி பொன்னிற அந்தி வெளிச்சத்தில் வீடு சேர்கிறது. பார்ப்பவர் மனம் ஆறிவிடுகிறது. திரும்பாதவற்றைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தை முடித்துவிடக் கூடாது என்று செயற்குழு கருதியதால், அடுத்த மாதமே ஒரு தனி அமர்வு நடத்தினோம்.

அதில் பேசியவற்றிலிருந்து சில. அந்தப் போரில் எல்லாத் தரப்பிலுமாக மாண்ட குதிரைகள், கோவேறு கழுதைகள், கழுதைகள் சுமார் 80 லட்சம் என்று கணிக்கிறார்கள். பிரான்ஸ், பெல்ஜியம் பகுதியில் இருந்த மேற்குப் போர்முனைக்குப் பிரிட்டன் கப்பலில் அனுப்பிய தீவனத்தின் எடை, அனுப்பிய வெடிபொருள்களின் எடையைவிட அதிகம். லாரிகள் சேற்றில் புதைந்த இடங்களில் பீரங்கியை இழுத்தது குதிரைதான். பிரிட்டிஷ் படையின் கால்நடை மருத்துவப் பிரிவு சிகிச்சைக்குச் சேர்த்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தேற்றியது. தேற்றி மீண்டும் போர்முனைக்கே அனுப்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து சென்றவை 1,36,000; ஊர் திரும்பியது சாண்டி என்ற ஒரே ஒரு குதிரை. அதன் உரிமையாளரான ஆஸ்திரேலியத் தளபதி பிரிட்ஜஸ், 1915-ல் துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் குண்டுக் காயம்பட்டு, மருத்துவக் கப்பலில் இறந்துபோனார்.

டோரத்தி புரூக் பற்றிக் கேட்டபோது அரங்கில் பலர் கண் கலங்கினார்கள். 1930-ல் கெய்ரோவுக்குச் சென்ற இந்த ஆங்கிலேய அம்மையார், போருக்குப் பின் விற்கப்பட்ட படைக்குதிரைகள் எலும்பும் தோலுமாகச் சுமை இழுப்பதைக் கண்டார். 1931-ல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். வந்து குவிந்த நன்கொடையைக் கொண்டு சில ஆண்டுகளில் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை. வயிறாரத் தின்னவைத்து, வலியின்றி உயிர் பிரிய மட்டுமே அவரால் வழிசெய்ய முடிந்தது. 1934-ல் அங்கே ஒரு விலங்கு மருத்துவமனையை நிறுவினார்.

வெளிநாட்டுக் குதிரைகளுக்கு நாம் ஏன் இவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஓசூரை அடுத்த மத்திகிரியின் கால்நடைப் பண்ணை, 1824-ல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டது என்பதையே பதிலாகச் சொன்னேன். பக்கத்து மைசூர் சமஸ்தானத்தின் குதிரைப்படை, ஜோத்பூர் படையோடு சேர்ந்து 1918 செப்டம்பர் 23 அன்று, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரைப் பிடித்தது. அந்தச் சண்டையில் நம் தரப்பு வீரர் 8 பேர் உயிரிழந்தனர். குதிரைகள் 60 மாண்டன. டெல்லி தீன்மூர்த்தி நினைவுச் சின்னத்தில் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் படைகளுக்காக மூன்று வீரர்கள் நிற்கிறார்கள். உடன் சென்ற குதிரைக்கு அங்கே சிலை இல்லை. பெங்களூரு ஜே.சி. நகரில் உள்ள மைசூர் லான்சர்ஸ் என்ற அந்தக் குதிரைப்படையின் நினைவிடத்துக்கு உறுப்பினர்கள் சென்றுவந்தோம். நம் பள்ளி மாணவர்களையும் அங்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். தனி அமர்வின்போது உண்டியலில் சேர்ந்த தொகை முழுவதையும், வண்டிக்குதிரைகளுக்கும் பொதி கழுதைகளுக்கும் மருத்துவ முகாம் நடத்தச் செலவிடுதல். லாடம் அடிப்பதும் புண்ணுக்கு மருந்திடுவதும் முகாமில் இடம்பெற வேண்டும் என்று அந்த மூத்த உறுப்பினர் வலியுறுத்தியிருக்கிறார். அடுத்து, வரும் ஆண்டில் போரில் விலங்குகள் என்ற வரிசையில் மூன்று படங்களைத் திரையிடுதல். படங்களை உறுப்பினர்களே பரிந்துரைக்கலாம். பரிந்துரைகளை இம்மாத இறுதிக்குள் எழுத்தில் தர வேண்டுகிறேன்.

அரங்கை வாடகையின்றி அளித்தவர்களுக்கும், கூட்டந்தோறும் தேநீர் தந்த நண்பர்களுக்கும் கழகத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்