ஆயில் ஃபில்டர் வாங்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வண்டியிலிருந்து கழற்றிய ஆயில் ஃபில்டரை, நீ சென்னைக்குக் கிளம்பிய பிறகு வாளியின் மேல் கவிழ்த்து இரவு முழுவதும் எண்ணெயை வடியவிட்டு, மறுநாள் காலையில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். காலையில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் மூன்று நான்கு விநாடி இன்ஜின் கடகடவென்று சத்தம் போடுகிறது, ஆயில் விளக்கும் தாமதமாகத்தான் அணைகிறது என்று சொன்னாய் அல்லவா? அதற்கான காரணம் அந்தத் தகர டப்பாவுக்குள்தான் இருந்தது.

ஃபில்டரின் வாய்ப்பக்கத்தில் நடுவே மரையிட்ட பெரிய துளையும், அதைச் சுற்றிச் சிறு துளைகளும் இருக்கும். சிறு துளைகள் வழியாக எண்ணெய் உள்ளே போய், மடிப்பு மடிப்பான தாளைக் கடந்து, நடுத்துளை வழியாக இன்ஜினுக்குத் திரும்புகிறது. அந்தச் சிறு துளைகளுக்கு உட்புறம் வட்டமான ரப்பர் மடல் ஒன்று உண்டு. இன்ஜின் நின்ற பிறகு ஃபில்டரில் உள்ள எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. உன் வண்டியில் ஃபில்டர் படுத்தவாக்கில் இருப்பதால் அந்த மடல் மிகவும் முக்கியம். நான் வெளியே எடுத்தபோது அது அப்பளம்போல விறைத்திருந்தது, விரலால் வளைத்ததும் ஒடிந்துவிட்டது. எண்ணெய் இரவிலேயே வடிந்துவிட, காலையில் பம்ப் முதலில் காலி டப்பாவை நிரப்பிய பிறகே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் அனுப்ப முடியும். நீ கேட்ட சத்தம் அந்த இடைவெளியில் எழுந்தது. மலிவான ஃபில்டர்களில் போடும் நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகிவிடும். சிலிக்கோன் ரப்பர் நெடுநாள் மெத்தென்று இருக்கும். கடையிலேயே ஒரு துளை வழியாகக் குச்சியால் மெல்ல அழுத்திப் பார், மடல் அமுங்கி உடனே திரும்ப வேண்டும்.

தாளின் நிலையும் நன்றாக இல்லை. மடிப்புகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அகன்றும் இருந்தன. ஓர் ஓரத்தில் பசை விட்டு, மூடிக்கும் தாளுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. தடையில்லாத வழி ஒன்று கிடைத்தால் எண்ணெய் அந்த வழியாகத்தான் ஓடும், அழுக்கையும் தன்னோடு கொண்டு போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பேரிங்கை அதிகம் தேய்ப்பவை 10, 20 மைக்ரான் அளவுள்ள, கண்ணுக்கே தெரியாத துகள்கள். ஆகவே பெட்டியில் மைக்ரான் கணக்கு மட்டும் போட்டிருந்தால் அதை நம்பிவிடாதே. அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்பதும் சேர்ந்திருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறைப்படி அந்தச் சதவீதத்தைச் சொல்லும் கம்பெனியை நான் கூடுதலாக மதிப்பேன்.

உள்ளே பைபாஸ் வால்வும் உண்டு. தாள் அடைத்துக்கொண்டாலோ, எண்ணெய் குளிரில் கெட்டியாக இருந்தாலோ அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது இன்ஜினுக்கு விடும். அழுக்கு எண்ணெயைக்கூட இன்ஜின் சிறிது நேரம் தாங்கும், எண்ணெயே இல்லாமல் தாங்காது. எந்த அழுத்தத்தில் அந்த வால்வு திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். இதனால்தான், மரை பொருந்துகிறது என்று கடைக்காரர் வேறு வண்டியின் ஃபில்டரைக் கொடுத்தால் வாங்காதே என்கிறேன். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போ.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில் போட்டுத் தரும் கடையாகப் பார்த்து வாங்கு. வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் ஃபில்டர் என்றால் யோசிக்க வேண்டாம். போஷ், மான், மாலே போன்றவர்கள் உன் வண்டிக்கென்றே போடும் ஃபில்டர் இருந்தாலும் சரிதான். ஆனால் நல்ல பெயர்களில்தான் போலியும் வரும் என்பதால் பெட்டியின் அச்சு மங்கியிருக்கிறதா, பெட்டியிலும் டப்பாவிலும் நம்பர் ஒன்றாக இருக்கிறதா, மரையில் பிசிறு இருக்கிறதா என்று நிதானமாகப் பார். நூறு, நூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை, அம்மா. கிராங்க் பேரிங் போனால் இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார். ஃபில்டரின் வாயைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் கேஸ்கெட், பழைய கேஸ்கெட் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் புதியதை மாட்டிவிடுவார்கள், ஓடும்போது எண்ணெய் பீறிட்டு வெளியேறும். புதிய கேஸ்கெட்டில் எண்ணெய் தடவி, அது தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்க விடாதே. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்று.

நான் இங்கே அவசரத்துக்கு மாட்டிய ஃபில்டரை அடுத்த சர்வீஸில் கழற்றும்போது தூக்கிப்போட விடாதே. பிளாஸ்டிக் பையில் கட்டி, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. அதையும் அறுத்துப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா