முதல் பாடவேளையில் பந்தைத் தவறவிடும் பிள்ளைகளுக்காக

பினாங்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

என் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காலை ஆறுக்கெல்லாம் வேன் வந்துவிடும். ஐந்தேகாலுக்கே எழுப்ப வேண்டும். பசியாறுவது பாதி நாள் வேனில்தான். சபைகூடல் முடிந்ததும் முதல் பாடம் உடற்கல்வி. பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை, ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். அதே பையன் சாயங்காலம் அடுக்குமாடிக்குக் கீழே அண்ணனோடு பூப்பந்து ஆடுகிறான். பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. தடுமாறாமல் ஆடுகிறான், அவ்வளவுதான்.

காரணம் தேடிப் படித்தேன். உடல்சூடு விடியற்காலையில் மிகவும் இறங்கி, மெல்ல ஏறி, மாலைவாக்கில் உச்சத்துக்குப் போகிறது. சூடு ஏற ஏறத் தசை இளகும், நரம்பு சுறுசுறுப்பாகும். காலையில் அது குறைவு. அரைத்தூக்கமும் சேர்ந்தால் கண்ணும் கையும் எப்படி ஒத்துழைக்கும்?

இந்த உடற்கடிகாரத்தைத் திருப்பி வைப்பது வெளிச்சம். நமக்கோ அதிலும் ஒரு வில்லங்கம். 1982 பிறந்தபோது சபா, சரவாக்கோடு ஒன்றாக இருக்கட்டும் என்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். இப்போதைய நேரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. பினாங்கு இருப்பதோ ஏறக்குறைய 100இல். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 80 நிமிடம். சுவர்க் கடிகாரம் ஏழரை காட்டும்போது சூரியன் கணக்கில் ஆறு பத்துதான். பிப்ரவரியில் அப்போதுதான் பொழுதே விடிகிறது.

எங்கள் மேலும் தப்பு உண்டு. இந்த வயதுக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் வேண்டும்; டியூஷன் முடிந்து வீடு வரவே எட்டரை ஆகிறது.

பத்து மணிக்கு மேல் திடலில் வெயில் தாங்காது என்பீர்கள். சரி, உண்மைதான். உடற்கல்வியை மாற்ற முடியாவிட்டால் அந்த நேரத்தில் ஓட விடுங்கள், விளையாட விடுங்கள். பிடிப்பது, எறிவது, சமநிலை என்று மதிப்பெண் போடுவதை மட்டும் ஓய்வுக்குப் பிறகு மண்டபத்திலோ புறப்பாட நாளின் (பாடத்துக்கு வெளியே விளையாட்டு, சங்கம் என்று நடக்கும் நாளின்) மாலையிலோ வையுங்கள்.

நூற்றில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு உண்மையிலேயே அசைவு ஒருங்கிணைப்பில் சிரமம் உண்டு. அவர்கள் மாலையிலும் தடுமாறுவார்கள். அவர்களை மருத்துவரிடம் அனுப்பத்தான் வேண்டும். அதனால் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதும் முன் வேறொரு வேளையில் இன்னொரு முறை பாருங்கள். குறிப்பில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய்