பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

அன்புள்ள ஏட்டம்மா,

ஹாஸ்டலில் வைத்த பெயரை இன்னும் விடவில்லையா என்று கேட்பாய். இந்தக் கடிதத்துக்கு அந்தப் பெயர்தான் பொருந்தும், படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் குரலில் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. மாடிப்படி ஏறாதே, பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, வேறென்ன சொல்ல.

இங்கே இங்கிலாந்தில் பெரியவன் வேலைக்குப் போகிறான், சின்னவள் கடைசி வருஷம். போன குளிர்காலத்தில் கீழே விழுந்ததிலிருந்து மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டியாகிவிட்டது, ஆனாலும் நினைவு கூர்மையாக இருக்கிறது. அவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்து, "இதை நீ வைத்துக்கொள், என் பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது" என்றார். உள்ளே பொத்தான்கள், இரண்டு சாவிகள், துணியில் சுற்றிய ஒரு வெண்கலப் பதக்கம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் மாநகரக் காவல்துறை என்ற எழுத்தும் 1887 என்ற ஆண்டும். மகாராணியின் ஐம்பதாவது ஆட்சியாண்டுக்காக லண்டன் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்தது. விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் பொடி எழுத்தில் பி.சி., அதாவது போலீஸ் கான்ஸ்டபிள், என்று போட்டு ஒரு பெயர், பக்கத்தில் ஆர் டிவிஷன். மாமியாருடைய கொள்ளுத் தாத்தா.

அவரைப் பற்றிக் குடும்பத்தில் ஒரே ஒரு கதைதான். பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பரைத் துரத்தியவராம். 1888-ல் கிழக்கு லண்டனில் ஒயிட்சேப்பல் சந்துகளில் லாந்தர் விளக்கோடு ஓடினாராம். மாமியாருக்குச் சின்ன வயதில் அவருடைய அப்பா சொன்னது, கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிறகு இன்றைக்கும் யாராவது ஒருவர் எடுத்துவிடும் கதை. எனக்கு அந்த ஆர் என்ற எழுத்துதான் உறுத்தியது. லண்டன் போலீஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. ஒயிட்சேப்பல் என்றால் எச். ஆர் என்பது தேம்ஸுக்குத் தெற்கே கிரீனிச், வூலிச் பக்கம். சரி, இவர் யார் என்று பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன், எட்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு தப்பு செய்தேன். அதே பெயரில் லாம்பெத்தில், அதாவது எல் டிவிஷனில், இன்னொருவர் இருந்தார். பென்ஷன் பதிவில் பெயரைப் பார்த்ததும் இவர்தான், பிறகு மாற்றலாகி ஆர் டிவிஷனுக்குப் போயிருப்பார் என்று நானே முடிவு கட்டி, அவர் பிறந்த கிராமம், அவர் அம்மா அப்பா என்று மூன்று மாதம் அலைந்தேன். மனைவியின் பெயர் வீட்டு பைபிளில் எழுதியிருந்ததோடு ஒத்துவரவில்லை. அப்போதுதான் எனக்கு வாரன்ட் நம்பர் என்றால் என்ன என்று புரிந்தது. காலரில் இருக்கும் நம்பர் அந்த டிவிஷனுக்கு மட்டும்தான், மாற்றலானால் அதுவும் மாறிவிடும். வாரன்ட் நம்பர் அப்படியில்லை. 1829-ல் இந்தப் போலீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து சேர்ந்தவர்களுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போன எண், ஒருவருக்கு ஒன்று, கடைசிவரை அதுதான். உன் அப்பாவுக்கும் போலீஸில் மாவட்டம் மாறியபோது நம்பர் மாறியது என்று நீ சொன்ன ஞாபகம். இந்த வாரன்ட் எண்களில் ஒன்றாம் நம்பர் வாங்கியவரை முதல் நாளே குடித்துவிட்டு வந்ததற்காக வேலையை விட்டு நீக்கினார்களாம். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குமேல் வேலை போனது குடியால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் வருகிறது.

கியூவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, நீ வந்தபோது தாவரவியல் பூங்காவுக்குப் போனோமே, அதே ஊர். மாநகரப் போலீஸின் பழைய ஏடுகள் அங்கேதான். லண்டனுக்கு நடுவில் சிட்டி என்று ஒரு சின்ன வட்டாரம், அதற்குத் தனிப் போலீஸ், அந்த ஏடுகள் வேறு இடத்தில், அதையும் தெரியாமல் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு, பேனாவை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடுதான் உள்ளே போக வேண்டும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்தவர்களின் பதிவேட்டில் 1857 முதல் 1878 வரை இல்லை, அவர் சேர்ந்தது அந்த இடைவெளியில். நல்லவேளை, 1889-லிருந்து 1909 வரை வேலையை விட்டவர்களுக்குப் பணிச் சான்றிதழ் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, 1852-லிருந்து பென்ஷன் வாங்கியவர்களுக்குத் தனி ஏடுகள் இருக்கின்றன. இரண்டிலும் அவர் இருந்தார்.

அந்தத் தாளை விரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ரத்தம்கூட இல்லை, ஆனால் என் பிள்ளைகளின் ரத்தம். உயரம் 5 அடி 9 அங்குலம். கண் சாம்பல் நிறம். இடது கை ஆள்காட்டி விரலில் வெட்டுத் தழும்பு. முன்பு செய்த வேலை: பண்ணைக் கூலி. ஊர் சஃபோக். 1867-ல், இருபத்திரண்டு வயதில், சேர்ந்திருக்கிறார். கடைசியாக வேலை கொடுத்தவர் பெயர், கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் எத்தனை, வைத்தியர் பார்த்துச் சொன்ன சான்று, எங்கெங்கே மாற்றல், எல்லாம் ஒரே தாளில். ஊர் விட்டு வந்த கிராமத்துப் பையன்களைத்தான் அவர்களும் விரும்பி எடுத்தார்களாம். உடம்பு வலுவாக இருக்கும், பட்டணத்துப் பழக்கம் இருக்காது என்று. இதைப் படித்ததும் எனக்கு உன் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேர்வுக்கு நடந்தே போன கதைதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. மாமியாரின் தாத்தா பிறந்தது 1872-ல், சாத்தம் என்ற ஊரில். அது கென்ட்டில், லண்டனைவிட்டுத் தள்ளி, கடற்படையின் கப்பல்தளம் இருந்த ஊர். அதனால் கொள்ளுத் தாத்தா நடுவில் போலீஸை விட்டுவிட்டுக் கப்பல் பட்டறையில் கூலிக்குப் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. 1860-லிருந்து கடற்படைத் தளங்களுக்கும் காவல் காத்தது லண்டன் மாநகரப் போலீஸ்தான். சாத்தம், போர்ட்ஸ்மத், டெவன்போர்ட், வேல்ஸில் பெம்ப்ரோக் வரைக்கும் போயிருக்கிறார்கள். அவர் வேலையை விடவே இல்லை, மாற்றலாகியிருக்கிறார். 1876-ல் திரும்பி ஆர் டிவிஷன், வூலிச்.

1876-ல் வூலிச்சுக்கு வந்தவர் 1878 செப்டம்பரில் அங்கேதான் இருந்திருக்கிறார் என்பது மனதில் பட்டதும் நான் அன்றைக்கு வேறு எதையும் பார்க்கவில்லை. செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு, ஷியர்னெஸ், கிரேவ்ஸெண்ட் பக்கம் போய்விட்டுக் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வூலிச்சுக்குக் கொஞ்சம் கிழக்கே, பைவெல் காசில் என்ற நிலக்கரிக் கப்பல் அதன்மேல் மோதியது. நாலைந்து நிமிஷத்தில் படகு மூழ்கிவிட்டது. அறுநூறு பேருக்குமேல் செத்துப்போனார்கள், அதில் எத்தனையோ குழந்தைகள். லண்டன் நகரத்துச் சாக்கடை முழுவதையும் ஆற்றில் திறந்துவிடும் இடம் அது, கொஞ்ச நேரம் முன்புதான் திறந்துவிட்டிருந்தார்கள், நீச்சல் தெரிந்தவர்களில்கூடப் பலர் பிழைக்கவில்லை. உடல்கள் நாள்கணக்காகக் கரை ஒதுங்கிக்கொண்டே இருந்தன. அவற்றை வூலிச்சின் பழைய கப்பல்தளக் கொட்டகைகளில் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, உடுப்பு, மோதிரம், சாவி எல்லாவற்றையும் அதே எண்ணில் தனியாக எடுத்து வைத்தார்கள். அடையாளம் காண வந்தவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே விட்டு, கூடவே நின்றது போலீஸ்காரர்கள். யாரும் அடையாளம் காட்டாத 120 பேரை வூலிச் பழைய கல்லறையில் புதைத்தார்கள்.

அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, கான்ஸ்டபிள்கள் உடல்களைத் தூக்கினார்கள் என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். அந்த வரிக்குள் அவர் இருக்கிறார். ஆறு வயது மகனை வீட்டில் விட்டுவிட்டு ஆறு வயதுப் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறார். போன மாதம் நானும் மாமியாரும் அந்தக் கல்லறைக்குப் போனோம். கல் சிலுவை ஒன்று நிற்கிறது, 23,000 பேருக்குமேல் ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்து எழுப்பியது. சக்கர நாற்காலியைப் புல்லில் தள்ளுவது சிரமமாக இருந்தது. மாமியார் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் வீட்டில் ஏன் இதை யாரும் சொல்லவில்லை" என்று கேட்டார். கொள்ளுத் தாத்தா வீட்டில் வாயே திறந்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். தூத்துக்குடிப் பஸ் விபத்துக்குப் போய்வந்த ராத்திரி உன் அப்பா குளித்துவிட்டுச் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்றாயே, அதேதான்.

கொள்ளுத் தாத்தா பேசியது ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, வூலிச் இருந்த கென்ட் பக்கத்து வழக்குகள் தனித் தலைப்பில் வரும். சாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் போலீஸ்காரர், ஆர், பிறகு காலர் நம்பர் என்று போடுவார்கள், அதை வைத்துத் தேடினால் ஆள் மாறாது. கள்ள ஷில்லிங் கொடுத்து பீர் வாங்கிய ஒரு பெண்ணின் வழக்கு. வக்கீல் கேட்ட கேள்விகளை விட்டுவிட்டு, அவர் சொன்ன பதில்களை மட்டும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கூப்பிட்டதாகவும், கையைத் திறக்கச் சொன்னதாகவும், உள்ளே இன்னொரு கள்ளக் காசு இருந்ததாகவும் சொல்கிறார். கடைசியில் ஒரு வரி: ஸ்டேஷனுக்குப் போகும் வழி முழுக்க அவள் அழுதாள், அவளிடம் வேறு பணம் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை, அவராகச் சொன்னாரோ யாராவது கேட்டுச் சொன்னாரோ, ஆனால் சொல்லியிருக்கிறார். நான் அதை மாமியாருக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

வேலை எப்படிப்பட்டது தெரியுமா. மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை, உட்காரக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ராத்திரி டியூட்டிதான். ஆபத்தென்றால் கூப்பிட 1880-கள் வரை விசில்கூடக் கிடையாது, மரத்தில் செய்த கிலுகிலுப்பை ஒன்றைச் சுற்ற வேண்டும். ஓட்டுப்போடும் உரிமை 1887-ல்தான் வந்தது. வாரம் ஒரு நாள் லீவு என்று சட்டம் வந்தது 1910-ல், அதற்குள் இவர் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. பென்ஷனும் மேலிடம் பார்த்துக் கொடுத்தால் உண்டு என்ற நிலைமைதான் இருந்தது. 1890-ல் லண்டனின் போ ஸ்ட்ரீட் ஸ்டேஷன் காவலர்கள் வேலைக்குப் போகமாட்டோம் என்று நின்றார்கள், பலருக்கு வேலை போனது. அதே வருஷச் சட்டத்தில்தான் 25 வருஷம் முடித்தவருக்குப் பென்ஷன் உரிமை என்று ஆனது. இவர் 1892-ல் சரியாக 25 முடித்துவிட்டு, மூட்டு வாதத்தோடு, கான்ஸ்டபிளாகவே வெளியே வந்தார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர், ஒரு படிகூட ஏறவில்லை. அப்போது கமிஷனராக இருந்த சர் எட்வர்ட் பிராட்ஃபோர்ட் இந்தியாவில் புலியிடம் இடது கையைப் பறிகொடுத்தவர், இதை நான் சொன்னதும் மாமியார் ரிப்பரை மறந்துவிட்டு இரண்டு நாள் அந்தப் புலியைப் பற்றியே கேட்டார்.

ரிப்பர் கதையைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நேரம் மற்ற டிவிஷன்களிலிருந்தும் ஒயிட்சேப்பலுக்கு ஆட்களை அனுப்பியது உண்மை, அதிலிருந்து கதை முளைத்திருக்கலாம், ஆனால் இவருடைய தாளில் 1888 முழுக்க வூலிச்தான். வருத்தப்படுவார் என்று பயந்தேன். "அந்த ஷில்லிங் பெண்ணின் கதையைக் கிறிஸ்துமஸுக்கு நீயே சொல்" என்றார்.

உன் அப்பாவின் சர்வீஸ் புத்தகம் இன்னும் உங்கள் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறதா? நம் பக்கத்துப் போலீஸ் 1859 சட்டத்தில் வந்தது, அயர்லாந்துப் போலீஸை மாதிரியாக வைத்து அமைத்தது, லண்டன் மாதிரி இல்லை என்று படித்தேன். ஆனால் ராத்திரி ரோந்து, ரோந்து போன இடத்தில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்து, காலர் நம்பர் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்பு, மை மங்கியிருந்தால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடி. எந்த வருஷம் எந்த ஸ்டேஷன், எந்த நம்பர் என்று நான் வரிசையாக எழுதித் தருகிறேன். கூடவே அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள், அவர் எந்த ஊர் போலீஸ் குடியிருப்பு லைனில் எந்த வீட்டு நம்பர் என்றுகூடச் சொல்வார், உன்னைவிட அவருக்குத்தான் ஞாபகம் அதிகம். பங்குனியில் வருகிறேன், அதற்குள் படங்கள் வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புத் தோழி