தாய்மார்களைக் குற்றம் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உலகக் குழந்தைகளின் உடல்நலம் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். 2022-இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 49 லட்சம் என்று இருந்தது. சரி. 1990-இல் அது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். அதைச் சொல்லவில்லை, போகட்டும். ஆனால் நடுவில், "தாய்மார்களின் அறியாமையே முதற்காரணம்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்தால், பீடி சுற்றும் தாய்மார்கள் தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எழுந்து வந்த நேரத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை. அப்படியும் வந்தார்கள். தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ஒருநாள் விடியுமுன் ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "யக்கா, பிள்ளைக்கு மூச்சு இரைக்கி, விலா உள்ளுக்கு இழுக்கு. ராத்திரியே தூக்கிட்டுப் போனேன், ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்துச்சு" என்றாள். சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளை, நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டி ஓடியது. அந்த வயதில் நாற்பதைத் தொட்டாலே நிமோனியாவோ என்று பார்க்க வேண்டும். விலா உள்ளே இழுத்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அவள் தன் கண்ணாலேயே கண்டுபிடித்திருந்தாள். திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்தது. அவளிடம் என்ன அறியாமையைக் கண்டீர்கள்? பூட்டிக் கிடந்த கதவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே.

இந்தச் சாவுகளில் பெரும்பகுதி சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் நம் தெற்காசியாவிலும்தான். நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா எல்லாமே மருந்து உள்ள நோய்கள். வயிற்றுப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்துப் பங்கானில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே புகட்ட வைத்தார். அப்புறம் 1980களில் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று கரைத்துக் காட்டினார்கள். தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்துத்தான் அந்தப் பிராக் பெண்களுக்குச் சம்பளம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

முன்பு ஒருமுறை தடுப்பூசி பற்றிய வதந்தியை முதல் பக்கத்தில் போட்டீர்கள். மறுப்பு வந்தது உள்பக்கத்து மூலையில். அந்த வாரம் அங்கன்வாடி வாசலில் தடுப்பூசிப் பெட்டியும் நானும்தான். அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆப்பிரிக்கக் குழந்தை என்றால் உங்கள் பத்திரிகையில் எலும்பு தெரியும் படம், அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளையை அப்படிப் போடுவீர்களா?

நான் கேட்பது பெரிதல்ல. ராசிபலன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, கூடவே 14 நாள் ஜிங்க் மாத்திரை, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்று போடுங்கள். அதற்குக் கீழே, வட்டாரத்தில் ராத்திரி திறந்திருக்கும் அரசு ஆஸ்பத்திரி எது என்பதையும் விசாரித்துப் போடுங்கள். பீடிக் கடையில் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அம்பாசமுத்திரம்.